அவன் என்பதா, அவள் என்பதா?

யப்பான் தேசத்துச் சித்திரப் படங்கள் நம்மவர் வீடுகளுக்குள் நுழைந்து வெகுகாலமாகிவிட்டது. "அனிமே" என்று பிள்ளைகள் அவற்றை அழைக்கின்றனர். அனிமேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லையே யப்பானியர் தம் நாவிற்கு இசையக் குறுக்கிக்கொண்டனர். சித்திரப் படம் என்றதும் பூனை எலியைத் துரத்துவதும், எலி பூனையை ஏய்ப்பதுமே நம்மிற் பெரியவர்களுக்கு நினைவில் வரும். ஆதலால் பிள்ளைகள் அவற்றின் முன் அமர்ந்திருக்கும்போது நாம் அடுக்களையிலோ முற்றத்திலோ நம் அலுவலைக் கவனித்துக்கொண்டிருக்கின்றோம். ஆனால் யப்பானியச் சித்திரக்காரர்களோ அந்தக் கோடுகளுக்குள்ளே எவ்வளவோ விஷயங்களை அடைத்து வைத்திருக்கின்றனர். பிறந்தபோது ஆண் என்று ஊரார் எழுதிவைக்க, தன்னைப் பெண்ணென்றே உணர்பவரும், பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணென்று உணர்பவரும் அக்கதைகளிலே பாத்திரங்களாக வருகின்றனர். இன்று திருநங்கை, திருநம்பி என நாம் மரியாதையோடு அழைக்கும் அம்மக்களை யப்பானியர் எவ்வாறு வரைந்திருக்கின்றனர் என்பதையே இங்கு எழுத விரும்புகின்றோம்.

எழுத அமர்ந்ததுமே ஓர் இடர்ப்பாடு எதிர்ப்படுகின்றது. யப்பானிய மொழியின் வினைச்சொல்லில் ஆண்பால், பெண்பால் என்ற பிரிவு கிடையாது. வந்தான், வந்தாள் என்னும் இரண்டிற்கும் அங்கே ஒரே சொல். எழுவாயைச் சொல்லாமலே நெடுநேரம் பேசவும் அவர்களால் இயலும். ஆனால் ஒருவர் தம்மைச் சுட்டும் "நான்" என்பதற்கோ அவர்களிடம் பல சொற்கள் உண்டு. சிறுவர்கள் "பொக்கு" என்பர். பெண்கள் "வத்தாஷி" என்றும் "அத்தாஷி" என்றும் சொல்வர். ஒரு பாத்திரம் தன்னைக் குறிக்க இவற்றுள் எதனைத் தெரிந்தெடுக்கின்றது என்பதிலேயே யப்பானிய இரசிகர் பாதிக் கதையை உணர்ந்துகொள்வர். தமிழ் இதற்கு நேர்மாறானது. நமக்கு "நான்" ஒன்றே. மற்றொருவரைப் பற்றி ஒரு வசனம் சொல்வதானாலோ அவன், அவள், அவர் என்னும் மூன்றில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். கதையைத் தமிழிற் சொல்லத் தொடங்கிய கணமே நாம் ஒரு தீர்ப்பு வழங்கிவிடுகின்றோம்.

நம் பண்டை இலக்கணகாரரும் இவ்விஷயத்தை எண்ணாமல் விடவில்லை. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்திலே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் உயர்திணைக்கே உரியதென்றும், அதற்கெனத் தனியான ஈறு இல்லையென்றும், ஆண்பாற் சொல்லை அது ஏற்காதென்றும் விதி கூறப்பட்டிருக்கின்றது. இந்த விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த மாணவர் பலர், அது உயிருள்ள மனிதரைப் பற்றியது என்று எண்ணியிரார்.

இனி யப்பானியருக்கு வருவோம். அந்நாட்டு மேடையிலே பால் மாறி நடிப்பது பழைய வழக்கம். 1629ஆம் ஆண்டிலே அரசாங்கம் பெண்களைக் கபுக்கி மேடையிலிருந்து விலக்கியபின், பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்கலாயினர். இருபதாம் நூற்றாண்டிலே இதற்கு மறுதலையான ஒரு நாடகக் குழு தோன்றியது. இச்சிசோ கொபயாஷி என்ற புகையிரதக் கம்பனி முதலாளி, தமது பாதையின் கடைசித் தரிப்பிடமாகிய தக்கராசுக்கா நகருக்குப் பிரயாணிகளை இழுப்பதற்கென்று பெண்களே எல்லா வேடங்களையும் தாங்கும் ஒரு குழுவை அமைத்தார். அதன் முதல் அரங்கேற்றம் 1914இல் நிகழ்ந்தது. ரிக்கெற் விற்பதற்காகத் தொடங்கிய காரியம் ஒரு கலையாகவே நிலைத்துவிட்டது. அந்நகரிலே வளர்ந்தவர்தாம் யப்பானியச் சித்திரக்கதையின் தந்தை எனப் போற்றப்படும் ஒசாமு தெசுக்கா. 1953இல் அவர் சிறுமியர் சஞ்சிகை ஒன்றிலே தொடங்கிய கதையின் நாயகி, சஃபயர் என்னும் அரசிளங்குமரி. பெண் முடிசூட இயலாத நாட்டிலே அவள் இளவரசனாக வளர்க்கப்படுகின்றாள். பிறக்குமுன்னரே ஆண் இதயம் ஒன்றும் பெண் இதயம் ஒன்றுமாக இரண்டையும் அவள் பெற்றுவிட்டாள் என்பது கதை. 1967இல் இது தொலைக்காட்சித் தொடராயிற்று. பின்னர் 1979இல் வந்த "வெர்சாயின் ரோஜா" தொடரிலே, ஆண்வாரிசு இல்லாத பிரெஞ்சுத் தளபதி ஒருவர் தம் மகளுக்கு ஒஸ்கார் என்று பெயரிட்டுப் போர்வீரனாக வளர்க்கின்றார்.

இவர்களைத் திருநர் என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. சஃபயர் தரித்தது அரசுரிமைக்கான வேடம். ஒஸ்கார் தரித்தது தந்தையின் விருப்பம். உடை வெளியிலிருந்து வந்தது. தன் உள்ளத்திலிருந்து வரும் உடையைப் பற்றிய கதைக்கு யப்பானியச் சிறுவர் இன்னுஞ் சிலகாலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும், ஆண் பெண் என்னும் எல்லைக்கோட்டிலே ஒரு வாயில் உண்டு என்பதை இக்கதைகள் அவர்களுக்குக் காட்டிவிட்டன.

அந்த வாயிலாலே முதலில் வந்தது சிரிப்பு. ஹிசாஷி எகுச்சி 1981இல் வரையத் தொடங்கி, 1983இல் தொலைக்காட்சிக்கு வந்த கதையிலே ஹிபாரி என்றொரு பாத்திரம். தந்தை ஒரு கும்பல் தலைவர். குடும்பத்தின் ஒரே ஆண்வாரிசு என்று அவர் நம்பியிருக்கும் பிள்ளையோ பெண்ணாகவே உடுத்து, பெண்ணாகவே நடமாடுகின்றது. ஹிபாரிக்கு இதிலே கூச்சமுமில்லை, கவலையுமில்லை. படிப்பிலும் விளையாட்டிலும் கெட்டி. கூனிக்குறுகி நிற்பவர்கள் சுற்றியிருப்போரே. சிரிப்பு அவர்கள்மேல் விழுவதனால் இந்தக் கதை இன்றும் பார்க்கத்தக்கதாய் இருக்கின்றது. 1989இல் வந்த "ரன்மா" தொடரிலே குளிர்நீர் பட்டால் இளைஞன் பெண்ணாகிவிடுவான், வெந்நீர் பட்டால் மீண்டும் ஆணாவான். அது வெறும் விளையாட்டு. ஆனால் இவைபோலன்றி, முகத்திலே மயிர் முளைத்து, உதட்டிலே சாயம் பூசி, கட்டைக் குரலோடு வாலிபரைத் துரத்திக்கொண்டு ஓடும் உருவங்கள் எத்தனையோ தொடர்களில் வந்திருக்கின்றன. "ஒக்காமா" என்னும் இழிசொல் அவர்களுக்கு. அச்சொல்லின் நேர்ப்பொருள் பானை. அவ்வுருவங்களுக்கு வீடில்லை, தாய்தந்தையர் இல்லை, நாளை என்ற ஒன்றில்லை. வந்து சிரிப்பு மூட்டிவிட்டுப் போவதே அவற்றின் தொழில். உலகெங்கும் பெயர்பெற்ற "வன் பீஸ்" தொடரிலே இப்படிப்பட்டவர்கள் நிறைந்த ஒரு தீவே உண்டு. வேடிக்கை என்னவெனின், அதே தொடரின் வானோ நாட்டுக் கதையிலே கிக்குநோஜோ என்ற போர்வீராங்கனை வருகின்றாள். தான் உள்ளத்தாற் பெண் என்று அவள் அமைதியாகச் சொல்கின்றாள். தோழர்கள் கேட்டுக்கொண்டு தம் காரியத்தைப் பார்க்கின்றனர். ஒரே ஆசிரியரின் கையே இரண்டையும் வரைந்தது. இடையே பத்தாண்டளவு காலம் சென்றிருந்தது.

யப்பானியர் இவ்வாறு வரைய, பிறநாட்டார் அவற்றை எவ்வாறு ஏற்றனர் என்பதும் ஒரு கதை. 1990களில் வந்த "செயிலர் மூன்" தொடரிலே மற்றோர் ஆடவனிடம் காதல்கொண்ட ஆண் பாத்திரம் ஒன்று உண்டு. அமெரிக்கர் ஆங்கிலக் குரல் சேர்க்கும்போது அப்பாத்திரத்தைப் பெண்ணாக்கிவிட்டனர். அதன் கடைசிப் பாகத்திலே மூன்று பாடகர்கள் வருகின்றனர். சாதாரண வாழ்விலே அவர்கள் ஆடவர். போர்க்கோலம் பூண்டதும் பெண்கள். இத்தாலியர் இதைப் பொறுக்காமல், போர் வந்ததும் அவர்களுடைய இரட்டைச் சகோதரிகள் வந்து நிற்பதாக வசனத்தை மாற்றினர். இல்லாத மூன்று சகோதரிகளைப் படைத்தாலும் படைப்போம், உள்ள மூவரை உள்ளபடி ஏற்கமாட்டோம் என்ற பிடிவாதத்தை என்னென்பது!

இவற்றையெல்லாம் கடந்து, ஒரு திருநங்கையைக் கதையின் நடுவிலே நிறுத்திய படம் 2003இல் வந்தது. "டோக்கியோவின் ஞானத்தந்தையர்" என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். நெறியாளர் சத்தோஷி கொன். 2010இல், நாற்பத்தாறே வயதில் அவர் காலமானது சித்திரப்பட உலகிற்குப் பேரிழப்பு. நத்தார் இரவிலே, டோக்கியோ மாநகரின் தெருவோரத்தில் வாழும் மூவர் குப்பைக்கிடையே ஒரு பச்சிளங் குழந்தையைக் கண்டெடுக்கின்றனர். ஒருவர் ஜின் என்னும் குடிகாரர். மற்றவள் வீட்டைவிட்டு ஓடிவந்த மியுக்கி என்னும் பள்ளிப்பெண். மூன்றாமவர் ஹானா; ஒருகாலத்தில் இரவு விடுதியொன்றிலே பாடிய திருநங்கை.

குழந்தையைப் பொலிசில் ஒப்படைப்பதே முறை என்று மற்ற இருவரும் சொல்கின்றனர். ஹானா மறுக்கின்றாள். ஓரிரவேனும் தான் தாயாக இருக்கவேண்டும் என்கின்றாள். நத்தார்ப் பாடலின் யப்பானிய வடிவில் வரும், தூய்மை என்று பொருள்படும் சொல்லிலிருந்து "கியோக்கோ" என்று பெயரும் இட்டுவிடுகின்றாள். பிறகு பெற்றோரைத் தேடி மூவரும் பனியிலே அலைகின்றனர். தாயை அறியாது வளர்ந்தவள் ஹானா. தன் குழந்தையை ஏன் எறிந்தாய் என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே கேட்கவேண்டும் என்பதே அவள் பிடிவாதம். அந்தக் கேள்வி தன்னைப் பெற்றவளிடம் கேட்கவேண்டிய கேள்வி என்பது நமக்குப் புரிய நேரமாவதில்லை. படத்தின் பெயரிலே தந்தையர் என்றிருக்க, அந்தத் தந்தையரில் ஒருவர் தாயென்று அழைக்கப்பட ஏங்குகின்றார் என்பதே இப்படத்தின் உயிர்நாடி என்று நாம் கருதுகின்றோம்.

படம் ஹானாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று சொல்லமுடியாது. அவள் முகம் இரப்பர்போல் இழுபடுகின்றது. கோபம் வந்தால் குரல் இடிபோல் முழங்குகின்றது. ஜின் அவளைக் கூசாமல் ஏசுகின்றார். ஆனால் சத்தோஷி கொன் மற்ற இருவரையும் அதே கோணல்மாணல் கோடுகளாலேயே வரைந்திருக்கின்றார். தான் சைக்கிள் பந்தயவீரனாய் இருந்ததாக ஜின் அளக்கும் பொய் வெளிப்படும்போது நாம் சிரிக்கும் சிரிப்பும் ஹானாவின் மூர்க்கத்தைக் கண்டு சிரிக்கும் சிரிப்பும் ஒருதரமானவையே. சிரிப்பு ஓய்ந்த பின்னரோ ஹானாவுக்குத் துணைவர் ஒருவர் இருந்ததும், அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்ததும், அதன் பின்னரே அவள் தெருவுக்கு வந்ததும் தெரியவருகின்றன. அவளுக்கு ஒரு நேற்று உண்டு. பானை என்று ஏசப்பட்ட உருவங்களுக்கு இல்லாதிருந்தது அதுதான்.

நம் வீட்டிலே உயர்தர வகுப்பில் படிக்கும் மகள் இப்படத்தைப் பார்த்தபின், கண் மங்கிய தன் அப்பம்மாவுக்குக் கதை சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம். "அவன்" என்றுதான் தொடங்கினாள். பால்மா கரைக்க வெந்நீர் தேடி அலையும் கட்டத்திலே அந்த "அவன்" தடுக்கத் தொடங்கியது. ஒருமுறை "அந்த ஆள்" என்றாள். ஒருமுறை வெறுமனே "ஹானா" என்றாள். பிறகு எவரும் சொல்லிக்கொடாமலே யாழ்ப்பாணத்துப் பேச்சில் மதிப்புள்ள பெண்ணைச் சுட்டும் "அவ" வந்துவிட்டது. உயரமான கட்டடத்திலிருந்து விழும் குழந்தையைப் பிடிக்க ஹானா பாய்கின்ற இடத்தில் அப்பம்மா கேட்ட கேள்வி, "அவவுக்கு அடிகிடி பட்டதோ பிள்ளை?" என்பதே. படவில்லை. தொங்கிய ஒரு துணிப்பதாகையும் திடீரென்று வீசிய காற்றும் இருவரையும் மெல்ல நிலத்திலே இறக்கிவிடுகின்றன.

யப்பானிய மூலத்தில் ஹானாவுக்குக் குரல் கொடுத்தவர் ஓர் ஆண் நடிகர். 2020இல் புதிதாக ஆங்கிலக் குரல் சேர்த்தபோது ஷகீனா நேஃபாக் என்னும் திருநங்கை நடிகையே அந்தப் பொறுப்பை ஏற்றார்.

படம் வெளிவந்த அதே 2003இல் யப்பானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பதிவேட்டிலே தம் பாலை மாற்றிக்கொள்ள அது முதன்முறையாக வழி திறந்தது. அவ்வாண்டின் ஏப்ரலில்தான் ஆயா காமிக்காவா என்னும் திருநங்கை டோக்கியோவின் செத்தகாயா பிரிவுச் சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டிருந்தார். 2004 ஜூலையில் அமுலுக்கு வந்த அச்சட்டம் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. விண்ணப்பிப்பவர் மணமாகாதவராய் இருத்தல் வேண்டும், பிள்ளைகள் இருத்தலாகாது, இனிமேல் பிள்ளை பெறும் ஆற்றலும் இருத்தலாகாது. பிள்ளை பற்றிய நிபந்தனை 2008இல், வயது வந்த பிள்ளைகள் இருக்கலாம் என்று தளர்ந்தது. ஆற்றலை நீக்கவேண்டும் என்ற நிபந்தனை அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது 2023 ஒக்டோபர் 25ஆந் திகதியன்று. இருபதாண்டு! பெண் என்று எழுதப்பட விரும்பினால் பெற்றோராய் இருக்கக்கூடாது என்று சட்டம் சொன்ன ஆண்டிலே, குப்பையிலே கிடந்த குழந்தைக்குத் தாயாகத் துடித்த ஒருத்தியைச் சித்திரக்காரர் திரையில் நடமாடவிட்டிருந்தார்.

ஹானா வயது முதிர்ந்தவள். பிள்ளைப் பருவத்திலே இவ்வுணர்வு எவ்வாறு தோன்றுகின்றது என்பதைச் சொன்னவர் தக்காக்கோ ஷிமுரா என்னும் பெண் சித்திரக்கலைஞர். 2002 முதல் 2013 வரை அவர் எழுதி வரைந்த "ஹோரோ முசுக்கோ", 2011இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. அலையும் மகன் என்று பொருள். ஊதாரி மகன் என்பதற்கான யப்பானியத் தொடரின் ஒலியைச் சற்றே திரித்துச் சூட்டிய பெயர் இது. நித்தோரி என்னும் பிள்ளை பையனாகப் பதியப்பட்டு, பெண்ணாக இருக்க விரும்புகின்றது. தக்காட்சுக்கி என்னும் பிள்ளை பெண்ணாகப் பதியப்பட்டு, ஆணாக இருக்க விரும்புகின்றது. இருவரும் ஒரே பாடசாலையில் நண்பர்கள். வில்லன் இல்லை, மாயமந்திரம் இல்லை. நீர்வண்ணம் தோய்ந்ததுபோன்ற வெளிறிய படங்களிலே சீருடையும், பருவும், உடையத் தொடங்கும் குரலுமே பெரும் சம்பவங்கள்.

இத்தொடரில் நம் மனதைவிட்டு அகலாதது ஒரு சீருடை விஷயம். சிசுரு என்னும் துடுக்குப்பெண் வேடிக்கைக்காகப் பையன்களின் சீருடையில் பாடசாலைக்கு வருகின்றாள். பின்னர் தக்காட்சுக்கியும் அவ்வாறே வருகின்றது. சிறிது பேச்சு எழுந்து அடங்குகின்றது. ஒருநாள் நித்தோரி பெண்களின் சீருடையை அணிந்து வகுப்புக்குச் செல்கின்றது. சிரிப்பு எழுகின்றது. ஆசிரியர்கள் ஓடிவருகின்றனர். அதன்பின் அந்தப் பிள்ளை வகுப்பறைக்குப் போகாமல், பாடசாலை மருத்துவ அறையில் ஒதுங்கியிருந்து நாட்களைக் கழிக்கின்றது. ஒரே பாடசாலை, ஒரே பிழை, பிழையென்று அதனைச் சொல்வதானால். ஆண் உடையை விரும்பிய பெண்ணின் ஆசை விளங்கிக்கொள்ளத்தக்கதாய்ப்படுகின்றது. பெண் உடையை விரும்பும் ஆணோ தாழ்ந்துவிட்டதாகக் கருதப்படுகின்றான். அப்படியானால் அந்த வகுப்பறை பெண்மையை எந்த இடத்தில் வைத்திருக்கின்றது? ஷிமுரா இக்கேள்வியை ஓரிடத்திலேனும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இரு சீருடைகளையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றார்.

சித்திரப் படங்களிலே சிறுவருக்குப் பெரும்பாலும் பெண்களே குரல் கொடுப்பர். இத்தொடரில் நித்தோரிக்குக் குரல் கொடுத்தவர் பதின்ம வயதுச் சிறுவர். குரல் உடைந்துவிடுமோ என்று அந்தப் பாத்திரம் அஞ்சும்போது, பேசுபவரின் குரலே அந்த வாசலில் நிற்கின்றது. இவ்வளவு நுட்பமாய் அமைந்த தொடரை நள்ளிரவு கடந்த வேளையில் ஒளிபரப்பினார்கள்; பார்க்கவேண்டிய பிள்ளைகள் அப்போது நித்திரை.

பெற்றோரைப் பற்றி இவ்வகைக் கதைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆதலால் 2018இல் வந்த "சொம்பி லாண்ட் சாகா" என்ற கூத்துத் தொடரின் எட்டாம் பகுதியை இங்கே குறிப்பிடுகின்றோம். இறந்துபோன பெண்கள் எழுந்துவந்து பாடகர் குழு அமைக்கும் கிறுக்குத்தனமான கதை அது. குழுவில் ஆகச் சிறியவளாகிய லிலி, பன்னிரண்டு வயதிலே இறந்த குழந்தை நட்சத்திரம். பையனாகப் பதியப்பட்டவள். முகத்திலே முளைத்த முதல் மயிரைக் கண்ட அதிர்ச்சியே அவள் உயிரைப் பறித்தது என்று கதை சொல்லும்போது திரையிலே வேடிக்கைத் தொனி. தோழிகள் உண்மையை அறிந்ததும் ஒருத்தி அவளுடைய பழைய பெயரைக் கேட்டுச் சிரிக்கின்றாள். அதற்குமேல் ஒன்றுமில்லை, லிலி லிலியாகவே இருக்கின்றாள். ஆனால் பயில்வான்போன்ற உடம்புடைய அவள் தந்தை, தம் பிள்ளை இறந்ததற்குத் தாமே காரணம் என்று மருகித் தனிமையில் வாழ்கின்றார். அவர் முன்னிலையில், தான் யாரென்று சொல்லாமலே லிலி பாடுகின்றாள். இனி வளரவேண்டியதில்லை என்பதிலே லிலிக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி நமக்கு உவப்பாயில்லை. வளராமல் நின்றுவிடுவதே ஒரு பிள்ளைக்கு ஆறுதலாய் இருக்குமானால், வேடிக்கைத் தொடராயினும் அதிலே ஏதோ ஒன்று நெஞ்சை அறுக்கின்றது.

நித்தோரியைப் பற்றி எழுதிய இடங்களிலே அவன் என்றோ அவள் என்றோ நாம் எழுதாததை வாசகர் கவனித்திருக்கலாம். நித்தோரி தன்னைக் குறிக்க எடுத்துக்கொண்ட சொல், சிறுவர்கள் சொல்லும் "பொக்கு" என்பதே. விரும்புவதோ பெண்ணாய் இருக்க. அந்தப் பிள்ளை இன்னும் தன் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கின்றது. ஹானாவைப் போல் அது முடிவுசெய்துவிடவில்லை. "அவர்" என்பது பாலைக் காட்டாத நல்ல சொல்தான். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளையை அவர் என்றால் ஆசிரியரைச் சொல்வதுபோல் ஒலிக்கின்றது. பெயரைச் சொல்லுவதே தற்போதைக்கு நமக்குத் தோன்றிய வழி.

இவற்றைப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சத்தோஷி கொன்னின் படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமானது. அதிலே அடிதடியும் வசைமொழியும் உண்டு. ஆதலால் மேல்வகுப்பு மாணவருக்கே உகந்தது. நித்தோரியின் கதை பதினொரு பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அதை இளையவர்களோடும் அமர்ந்து பார்க்கலாம். முதலிரு பகுதிகளில் பாத்திரங்களின் பெயர்கள் குழப்பந் தரும்; ஒரு தாளிலே குறித்து வைத்துக்கொண்டால் மூன்றாம் பகுதியிலிருந்து கதை தானே நடக்கும்.